பெங்களூரு ஏரிகளின் குளிர்கால விருந்தாளிகள்: கரையைக் காக்க ஒரு கணக்கெடுப்பு

பெங்களூரு: பெங்களூரு மாநகரின் ஏரிகளைச் சுற்றி எத்தனை மீட்டர் நிலத்தைக் கட்டடங்கள் இன்றி விட்டுவைக்க வேண்டும் என்ற கேள்விக்கு, தில்லியில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் ஒரு விடை அளித்தது. அதே தில்லியில் உச்ச நீதிமன்றம் 2019-இல் அந்த விடையை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் கர்நாடக சட்டப்பேரவை மூன்றாவதாக ஒரு விடையை எழுதியது. இந்த மூன்று அவைகளிலும் வழக்குரைஞரை நிறுத்த வழியில்லாத ஒரு தரப்பு, ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் வந்து இறங்கி, மார்ச் மாதம் முடிவதற்குள் ஊர் திரும்பிவிடுகிறது.

சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்தும் இமயமலைச் சரிவுகளிலிருந்தும் பனிக்கு அஞ்சித் தெற்கே வரும் வாத்துகள், உள்ளான்கள், கதிர்குருவிகள், பூனைப்பருந்துகள் ஆகியவையே அந்தத் தரப்பு. அவற்றின் சார்பில் சாட்சி சொல்வதற்கு இருப்பது, விடுமுறை நாள்களில் தோளில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏரிக்கரைகளில் நிற்கும் தன்னார்வலர்கள் எழுதிவைக்கும் பட்டியல் மட்டுமே. அரசு ஆவணங்களில் ஏரியின் சர்வே எண் இருக்கும், பரப்பளவு இருக்கும், ஆக்கிரமிப்பாளர் பெயர்கூட இருக்கும். கடந்த ஜனவரியில் அந்த நீரில் எத்தனை வாத்துகள் இருந்தன என்பதை அங்கே தேடினால் கிடைப்பது அரிது.

ஜனவரி மாதம் பெங்களூரில் பறவை ஆர்வலர்களுக்குத் திருவிழாக் காலம். விடியற்காலையிலிருந்து அந்தி வரை சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் வலம் வந்து, ஒரே நாளில் எத்தனை வகைப் பறவைகளைக் காண முடியும் என்று போட்டியிடும் பறவைப் பந்தயங்கள் இங்கு நடைபெற்று வந்துள்ளன. 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரி மாதத்தில்தான் நடைபெறுகிறது. போட்டியோ கணக்கெடுப்போ, எதுவாயினும் ஒரு நாளில் செல்லும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான். தெற்கே லால்பாக்கில் தொடங்கி, நகரின் நடுவே புகுந்து, வடக்கே ஹெப்பாள், ஜக்கூர், எலஹங்கா ஏரிகளைத் தொட்டு, வடமேற்கே ஹெசரகட்டா புல்வெளியில் முடியும் பாதை அது.

லால்பாக்கில் காலைப் பொழுது

ஹைதர் அலி 1760-இல் உருவாக்கத் தொடங்கிய லால்பாக் தோட்டம் இன்று சுமார் 240 ஏக்கர் பரப்புடையது. மாதந்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்குள்ள கண்ணாடி மாளிகை அருகே பறவை ஆர்வலர்கள் கூடுவது 1970-களிலிருந்து தொடரும் வழக்கம். 1972-இல் விஞ்ஞானி ஜோசப் ஜார்ஜ் தொடங்கிய 'பேர்ட்வாட்சர்ஸ் ஃபீல்ட் கிளப் ஆஃப் பெங்களூர்' என்ற அமைப்பே இதற்கு அடித்தளம். கட்டணம் கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. கல்லூரி மாணவர், மென்பொருள் பொறியாளர், ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் என யார் வேண்டுமானாலும் வந்து சேர்ந்துகொள்ளலாம். இந்த அமைப்பு 1994-இல் வெளியிட்ட பெங்களூரு பறவைகள் பட்டியல், நாட்டின் வேறு எந்தப் பெருநகரும் பொறாமைப்படத்தக்க ஆவணம். ஜாஃபர் ஃபுட்டஹல்லி தொடங்கிய 'நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாட்சர்ஸ்' என்ற சிற்றிதழும் பின்னாளில் இந்நகரிலிருந்தே வெளிவந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

லால்பாக்கில் குளிர்காலக் கணக்கு கண்ணால் தொடங்குவதில்லை, காதால் தொடங்குகிறது. மரத்தின் உச்சியில், இலைக்கும் தனக்கும் வேறுபாடு தெரியாதபடி ஒளிந்திருக்கும் இலைக் கதிர்குருவி இரண்டு அசைகளில் குரல் கொடுக்கும். எடை பத்து கிராம்கூட இல்லாத பறவை. புதர்களுக்குள்ளிருந்து, நாக்கைத் தட்டுவது போன்ற ஒலி கேட்டால் அது நாணல் கதிர்குருவி. இவ்விரண்டையும் ஒருமுறை பழகிக்கொண்டவர்களுக்கு, அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையே பெங்களூரின் எந்தத் தெருவில் நின்றாலும் இந்தக் குரல்களிலிருந்து தப்ப முடியாது. இமயத்துக்கு அப்பாலிருந்து வந்த விருந்தாளி பேருந்து நிறுத்தத்துக்கு மேலேயே அமர்ந்திருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் அறிவதில்லை.

பழுப்புக் கீச்சான் வேலிக்கம்பியிலும், வெண்ணிற நாடாபோல் வால் நீண்ட அரசவால் ஈப்பிடிப்பான் மூங்கில் நிழலிலும், சாம்பல் வாலாட்டி ஏரிக்கரையிலும் பட்டியலில் சேரும். இரண்டு மணி நேரத்தில் நாற்பது வகைகளைத் தாண்டுவது அனுபவசாலிகளுக்குக் கடினமல்ல.

இந்தத் தோட்டமும் அரசியலுக்கு அப்பாற்பட்டதல்ல. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு சந்திப்பு வரை அமைக்கத் திட்டமிடப்பட்ட சுரங்கச் சாலைக்கு லால்பாக் நிலத்தின் ஒரு பகுதி தேவைப்படும் என்ற தகவல் 2025-இல் வெளியானபோது, கடும் எதிர்ப்பு எழுந்தது. பறவை நோக்குவோர் ஒரு நாளில் கடக்கும் இரு முக்கிய நிலையங்களை, அதாவது லால்பாக்கையும் ஹெப்பாளையும், அதே திட்டம் பூமிக்கு அடியில் இணைக்க முனைகிறது என்பது விந்தையான பொருத்தம்தான்.

பேருந்து நிலையமான ஏரிகள்

லால்பாக்கிலிருந்து வடக்கே செல்லும் வழியில் நகரின் மையப்பகுதியைக் கடக்க வேண்டும். இங்கு பட்டியலில் சேர்க்க அதிகம் இல்லை. கெம்பேகவுடா பேருந்து நிலையம் இருக்குமிடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் மீது எழுந்தது. கரகத் திருவிழாச் சடங்குக்காக அந்த ஏரியின் மிச்சமாக ஒரு சிறு குளம் மட்டும் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. கடவுளுக்கு உரிய பங்கைத் தந்துவிட்ட நகரம், நாரைக்கும் வாத்துக்கும் பங்கு தர மறந்துவிட்டது.

தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் அல்சூர் பகுதியின் ஏரி இன்னும் இருக்கிறது. ஆனால் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் அதில் செத்து மிதந்ததை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோடை நெருங்கும்போது கழிவுநீர் பெருகி, நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் வற்றிப்போவதே இத்தகைய சாவுக்கு வழக்கமான காரணம்.

ஹெப்பாள்: எண்ணுவது எப்படி?

முற்பகலில் ஹெப்பாள். விமான நிலையச் சாலையின் மேம்பாலத்தை ஒட்டிக் கிடக்கும் இந்த ஏரி, 16-ஆம் நூற்றாண்டில் கெம்பேகவுடா காலத்தில் அமைக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. நகரின் பறவை வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. குளிர்கால வாத்துகளைக் காணப் பெங்களூர்வாசிகள் முதலில் வந்த இடங்களில் இதுவும் ஒன்று.

நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகிய மூன்றும் வடக்கிலிருந்து வருபவை. இவற்றுடன் உள்ளூர்வாசிகளான புள்ளிமூக்கு வாத்தும், கரிய உடலும் வெள்ளை நெற்றியும் கொண்ட நாமக்கோழியும் கலந்து மிதக்கும். கலைந்து திரியும் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. எனவே முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை நீரில் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கண்ணில் அளவாகப் பதித்துக்கொள்வர். பிறகு அந்த அளவு முழுக் கூட்டத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்ப்பர். இருவர் தனித்தனியே எண்ணி, பின்னர் ஒப்பிட்டுக்கொள்வதும் உண்டு. பருந்து ஒன்று தலைக்கு மேல் வந்துவிட்டால் கூட்டம் மொத்தமாக எழும்பிவிடும், கணக்கை மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

இதே ஏரிதான் 2006-இல் தனியார் ஹோட்டல் குழுமம் ஒன்றுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டது. ஏரிகளைக் காப்பதற்கென 2002-இல் கர்நாடக அரசு அமைத்த ஏரி மேம்பாட்டு ஆணையமே குத்தகைக்கு விட்டது என்பதுதான் வேடிக்கை. நாகவாரா ஏரியும் இவ்வாறே தனியாரிடம் சென்றது. இதை எதிர்த்துத் தன்னார்வ அமைப்பு ஒன்று 2008-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. நீதிபதி என்.கே. பாட்டீல் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரைகளின் பேரில் 2012-இல் ஏரிப் பாதுகாப்புக்கு உயர் நீதிமன்றம் விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. குத்தகைக்கு விட்ட ஆணையத்தின் பெயரும் அமைப்பும் அதன்பின் பலமுறை மாறின. 2014-இல் புதிய சட்டம் வந்தது. 2018-இல் அந்த ஆணையமும் வேறொன்றில் கரைக்கப்பட்டது.

தனியார்மயத்தைக் காட்டிலும் அமைதியாக நடந்த மற்றொரு மாற்றத்தைப் பறவைப் பட்டியல்கள் காட்டிக்கொடுக்கின்றன. ஏரிப் புனரமைப்பு என்ற பெயரில் நீரை வெளியேற்றி, வண்டலை அள்ளி, கரையைச் செங்குத்தாக உயர்த்தி, சுற்றிலும் நடைபாதை போட்டு, நடுவில் ஒரு தீவு அமைப்பது பெங்களூரில் நீண்டகாலமாகப் பின்பற்றப்படும் முறை. விளைவு, ஏரி ஒரு கிண்ணம்போல் ஆகிவிடுகிறது. படகு விடலாம், மாலையில் நடக்கலாம். ஆனால் முன்பு கரையோரத்தில் கணுக்கால் அளவு நீரும் சேறும் கோரையும் இருந்த இடம் இல்லாமல் போகிறது. உள்ளான்களும் இலைக்கோழிகளும் உண்பது அந்தச் சேற்றில்தான். ஆழ்ந்த நீரில் மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் கிண்ண ஏரி வசதியானது. பறவைகள் இன்னும் இருக்கின்றனவே என்று நடைபயிற்சி செய்வோர் மகிழ்கின்றனர். எந்தப் பறவைகள் இல்லை என்பது பழைய பட்டியலைப் புரட்டுவோருக்கு மட்டுமே தெரியும்.

பறவைக் கூட்டம் பெரிதாக இருப்பதாலேயே நீர் தூய்மையானது என்று முடிவு கட்டவும் இயலாது. சிவந்த கால்களையுடைய நெட்டைக்கால் உள்ளான் சாக்கடை கலந்த ஆழமற்ற நீரில் நூற்றுக்கணக்கில் கூடும். கழிவில் பெருகும் புழுக்களும் பூச்சிகளும் அதற்கு விருந்து. ஆக, ஏரியின் உடல்நிலையை அறிய வேண்டுமானால் எத்தனை என்பதோடு, எவை என்றும் கேட்க வேண்டியுள்ளது.

எழுபத்தைந்து மீட்டரும் முப்பது மீட்டரும்

கரையோரச் சேறு என்பது சட்டத்தின் மொழியில் 'இடைப்பகுதி' எனப்படுகிறது. பெல்லந்தூர் ஏரியின் அருகே எழும்பிய பெரும் கட்டுமானத் திட்டங்கள் தொடர்பான வழக்கில், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே 4-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், ஏரிகளைச் சுற்றி 75 மீட்டரும், முதன்மை ராஜகால்வாய்களின் ஓரம் 50 மீட்டரும், கிளைக் கால்வாய்களின் ஓரம் 35 மற்றும் 25 மீட்டரும் விடப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஏரிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ராஜகால்வாய்களையும் சேர்த்துக் காத்தால்தான் ஏரி பிழைக்கும் என்ற புரிதல் அதில் இருந்தது.

கட்டுமான நிறுவனங்களும் கர்நாடக அரசுத் தரப்பும் உச்ச நீதிமன்றம் சென்றன. 2019 மார்ச் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்த அளவுகளை ரத்து செய்தது. சட்டப்படி வகுக்கப்பட்ட நகரப் பெருந்திட்டத்தின் விதிகளைத் தீர்ப்பாயம் தன் உத்தரவால் திருத்த முடியாது என்பதே காரணம். சட்ட நோக்கில் அந்தக் காரணம் வலுவானதே. ஆனால் நடைமுறையில், ஏரிக்கு 30 மீட்டர் என்ற பழைய நிலைக்கு நகரம் திரும்பியது.

அந்த முப்பதும் கேள்விக்குள்ளானது. ஏரியின் பரப்பளவுக்கேற்ப இடைப்பகுதியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ள வழிசெய்யும் திருத்த மசோதா 2025 ஆகஸ்டில் கர்நாடக சட்டப்பேரவையில் நிறைவேறியது. சாலைகள், பாலங்கள் போன்ற பொதுப் பணிகளுக்கு இடம் வேண்டும் என்பது அரசின் வாதம். சிறிய ஏரிகளே அதிகம் உள்ள ஒரு நகரில் சிறிய ஏரிக்குச் சிறிய பாதுகாப்பு என்பது எதில் முடியும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் கேட்கின்றன. இக்கேள்விக்கு நியாயம் உண்டு. குளிர்கால வாத்து ஒரே ஏரியில் தங்குவதில்லை. இரவில் ஓரிடத்தில் மேய்ந்து, பகலில் வேறோரிடத்தில் ஓய்வெடுக்கிறது. சங்கிலியில் சிறு கண்ணி அறுந்தாலும் அதற்குப் பாதை மாறிவிடும்.

மத்திய அரசின் சட்டமும் கை கொடுப்பதாக இல்லை. 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளில் ஈரநிலம் என்பதற்கான விளக்கத்திலிருந்து, குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர்கள் அமைத்த நீர்நிலைகள் விலக்கப்பட்டுள்ளன. பெங்களூரின் ஏரிகள் ஏறத்தாழ அனைத்தும் பாசனத்துக்காக மனிதர்கள் வெட்டியவை. பெரிய ஆறு எதுவும் பாயாத மேட்டு நிலத்தில், மழைநீரைத் தேக்கி ஊர் அமைத்தவர்களின் உழைப்பு அது. அந்த உழைப்பே இன்று சட்டப் பாதுகாப்புக்குத் தடையாகிவிட்டது.

இதற்கு விதிவிலக்குத் தேடித் தந்ததும் பறவைகள்தான். கர்நாடகத்தின் மாகடி கெரே, அங்கசமுத்ரா ஆகிய இரு நீர்நிலைகளும் பாசனத்துக்காகக் கட்டப்பட்டவையே. அங்கு வந்து கூடும் பறவைகளின் கணக்கைக் காட்டியதால் 2024 ஜனவரியில் அவை சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. தமிழகத்தின் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் கூந்தன்குளமும் இத்தகைய கண்மாய், ஏரி வகையைச் சேர்ந்தவையே. ராம்சார் தகுதி பெற்றுவிட்டால் ஈரநில விதிகளின் பாதுகாப்பு தானாக வந்து சேரும். பெங்களூரு நகரின் ஏரி எதுவும் அப்பட்டியலில் இல்லை.

வடக்கு நோக்கி

ஜக்கூர் ஏரி, பெங்களூரில் நம்பிக்கை தரும் சில இடங்களுள் ஒன்று. இங்கு வரும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து, பின்னர் கோரையும் நாணலும் அடர்ந்த ஈரநிலத்தின் வழியே வடிந்தே ஏரியைச் சேருகிறது. இயந்திரம் விட்டதைத் தாவரம் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கோரைப் பரப்பில் நீலத் தாழைக்கோழிகள் நடமாடுகின்றன. சுற்றியுள்ள பகுதியில் நிலத்தடி நீரும் பயனடைகிறது. இதற்குப் பெரும் நீதிமன்ற உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. வடிகாலுக்கும் ஏரிக்கும் இடையே ஒரு சதுப்பு நிலத்தை விட்டுவைத்தால் போதும் என்ற எளிய பொறியியல்தான் காரணம்.

எலஹங்காவை அடுத்த புட்டேனஹள்ளி ஏரி 2015-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பறவைப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்நகரின் தெற்கே ஜே.பி. நகர்ப் பகுதியில் குடிமக்கள் மீட்டெடுத்த புட்டேனஹள்ளி வேறு, இது வேறு. வெளியூர்க்காரர்கள் அடிக்கடி குழம்புவது உண்டு. வடக்குப் புட்டேனஹள்ளியில் சங்குவளை நாரைகளும் பாம்புத்தாராக்களும் மரங்களில் கூடு கட்டுகின்றன. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 36-ஏ பிரிவின் வாயிலாக, அரசு நிலத்தை உள்ளூர் மக்களின் கருத்தைக் கேட்டுப் பாதுகாப்பகமாக அறிவிக்க மாநில அரசுகளுக்கு வழி கிடைத்தது. சரணாலயம் போன்ற கடுமை இதில் இல்லை என்பதே இதன் பலம்.

அருகிலேயே எலஹங்கா விமானப் படைத் தளம். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பிப்ரவரியில் இங்கு நடைபெறும் விமானக் கண்காட்சியின்போது சுற்றுவட்டாரத்தில் இறைச்சிக் கடைகளை மூடுமாறு உத்தரவிடப்படுவது வழக்கம். கழிவைத் தேடி வரும் பருந்துகள் போர் விமானங்களில் மோதிவிடக்கூடும் என்ற அச்சமே காரணம். ஏரிக்கரையில் பறவைக்கு 30 மீட்டர் ஒதுக்கத் தயங்கும் அரசு நிர்வாகம், பறவையின் பொருட்டுப் பல கிலோமீட்டருக்குக் கடைகளை மூடவைக்கும் வல்லமையும் உடையது என்பதை ஆர்வலர்கள் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டுவர்.

நீர் போகும் திசை

இந்த ஏரிகளின் கதை கர்நாடகத்தோடு முடிவதில்லை. பெங்களூரு ஒரு மேட்டு முகட்டின் மீது அமர்ந்திருக்கிறது. முகட்டுக்குக் கிழக்கே விழும் மழைத்துளியும் சாக்கடையும் தென்பெண்ணைக்குச் செல்கின்றன. மேற்கே விழுபவை அர்க்காவதி வழியாகக் காவிரிக்குச் செல்கின்றன. லால்பாக் ஏரியின் நீரும் அல்சூர் ஏரியின் நீரும் கடைசியில் சேருமிடம் பெல்லந்தூர். ஹெப்பாளின் நீர் மற்றொரு பள்ளத்தாக்கு வழியே கிழக்கே இறங்குகிறது. இரண்டும் தென்பெண்ணையாகி, ஒசூர் அருகே தமிழகத்துக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணையை அடைகின்றன. அந்த அணையில் மழைக்காலங்களில் பொங்கும் வெண்ணுரையைக் கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகள் நன்கறிவர்.

அந்த நுரையின் தாய்வீடு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள். சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரி 2015-இல் நுரைத்துச் சாலைக்கு வந்தது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் ஏரியிலேயே தீப்பற்றியது. இரண்டாவது முறை ராணுவ வீரர்கள் வந்து அணைக்க வேண்டியிருந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு ரூ. 50 கோடியும், அன்றைய பெங்களூரு மாநகராட்சிக்கு ரூ. 25 கோடியும் அபராதம் விதித்தது. ஏரியைச் சீரமைக்க ரூ. 500 கோடியைத் தனியே ஒதுக்கி வைக்கவும் உத்தரவிட்டது. ஒரு காலத்தில் குளிர்கால வாத்துகளுக்குப் பெயர் பெற்றிருந்த இவ்விரு ஏரிகளும் வலசைப் பறவைகளைத் தேடுவோரின் பயணப் பாதையிலிருந்து பல ஆண்டுகள் விலகியே இருந்தன.

கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் திறந்துவிடுவதாகக் கூறித் தமிழக அரசு 2015-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி அளித்த இறுதித் தீர்ப்பில், கர்நாடகத்துக்குக் கூடுதலாக வழங்கப்பட்ட 14.75 டிஎம்சியில் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீர்த் தேவைக்காக என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. மேட்டின் உச்சிக்கு இறைத்துக் கொண்டுவரப்படும் காவிரி நீரின் பெரும்பகுதி வீட்டுக் கழிவாகி, மீண்டும் சரிவில் இறங்குகிறது. எவ்வளவு நீர் என்பதற்காக இரு மாநிலங்களும் பல பதிற்றாண்டுகள் வாதாடியுள்ளன. எத்தகைய நீர் என்ற கேள்வி அந்த அளவுக்கு உரக்க எழுந்ததில்லை. ஹெப்பாள் கரையில் ஊசிவால் வாத்தை எண்ணுபவர், தன்னை அறியாமலே அந்த இரண்டாவது கேள்விக்கான விடையை எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஹெசரகட்டாவில் அந்தி

பிற்பகல் சாயும்போது வாகனங்கள் ஹெசரகட்டாவை நோக்கித் திரும்புகின்றன. அர்க்காவதியின் குறுக்கே அமைந்த இங்குள்ள நீர்த்தேக்கத்திலிருந்து 1890-களில் பெங்களூருக்குக் குழாய் மூலம் குடிநீர் வந்தது. நகரின் முதல் நவீனக் குடிநீர்த் திட்டம் அதுவே. பின்னாளில் நீர்வரத்து குன்றி, ஏரி பல்லாண்டுகள் வறண்டு கிடந்தது. அதைச் சுற்றியுள்ள புல்வெளி மட்டும் நிலைத்திருந்தது.

மரம் இல்லாத நிலம் பயனற்ற நிலம் என்ற எண்ணம் நம் அரசு நிர்வாகத்தில் ஆழ வேரூன்றியது. வருவாய்ப் பதிவேட்டில் இத்தகைய புல்வெளிகளுக்குத் 'தரிசு' என்று பெயர். ஹெசரகட்டாவுக்கும் அந்தப் பெயரால்தான் ஆபத்து வந்தது. திரைப்பட நகரம் அமைக்க இங்கு இடம் பார்க்கப்பட்டது. பறவை ஆர்வலர்களும் புகைப்படக் கலைஞர்களும் இயற்கை ஆய்வாளர்களும் ஆண்டாண்டாகச் சேர்த்த பதிவுகளை முன்வைத்து, இந்நிலத்தைப் பாதுகாப்பகமாக அறிவிக்கக் கோரினர். 2021 ஜனவரியில், அன்றைய முதல்வர் எடியூரப்பா தலைமையில் கூடிய மாநில வன உயிரின வாரியம் அக்கோரிக்கையை நிராகரித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றது. 2024 அக்டோபரில் முதல்வர் சித்தராமையா தலைமையில் கூடிய அதே வாரியம், 5,678 ஏக்கர் பரப்பைப் பாதுகாப்பகமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மேய்ச்சல் உரிமை பறிபோகுமோ, வளர்ச்சிப் பணிகள் முடங்குமோ என்ற அச்சம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் எழுந்ததும் உண்மை. ஆடு மாடுகள் மேய்ந்ததால்தான் புல்வெளி புல்வெளியாகவே இருந்தது என்பதை அதிகாரிகள் அந்தக் கிராமத்தாரிடம் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

ஒரே வாரியம் நான்கு ஆண்டுகளுக்குள் இரு வேறு முடிவுகளை எடுத்ததற்கு ஆட்சி மாற்றமும் காரணமாக இருக்கலாம். ஆனால் இரு ஆட்சிகளின்போதும் மேசை மீது இருந்த பறவைப் பட்டியல் மாறவில்லை, நீண்டுகொண்டே போனது.

இத்தகைய பட்டியல்கள் தேசிய அளவிலும் எடை பெற்றுவிட்டன. 30 ஆயிரம் பறவை ஆர்வலர்களின் சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு தயாரிக்கப்பட்ட 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 2023-இல் வெளியானது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 204 வகைகள் குறைந்து வருவதாக அது தெரிவித்தது. வேட்டைப் பறவைகள், வலசை வரும் கரைப்பறவைகள், வாத்துகள் ஆகியவையே அதிகம் சரிந்துள்ளன. கர்நாடகத்தின் மாநிலப் பறவையான பனங்காடையும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாகக் கணிக்கப்பட்டு, உலக அளவில் அதன் நிலையை மறுமதிப்பீடு செய்யுமாறு அறிக்கை பரிந்துரைத்தது. பனங்காடைக்கு வேண்டியது ஹெசரகட்டா போன்ற திறந்த வெளிதான். மாநிலப் பறவை என்ற பட்டத்தால் அதற்கு ஓர் ஏக்கர் நிலமும் இதுவரை கிடைத்ததாகத் தெரியவில்லை.

மாலை ஐந்தரை மணிக்கு மேல் பூனைப்பருந்துகள் வரத் தொடங்குகின்றன. மத்திய ஆசியாவிலிருந்து வரும் இவை மரத்தில் அடைவதில்லை. புல்லுக்கு நடுவே தரையில் இறங்கி இரவைக் கழிக்கின்றன. பகல் முழுவதும் பல கிலோமீட்டர் தொலைவில் தனித்தனியே திரிந்தவை, சூரியன் மறையும் இருபது நிமிடங்களுக்குள் ஒரே இடத்தை நோக்கித் தாழப் பறந்து வருகின்றன. எண்ணுவோர் தொலைவிலேயே நிற்க வேண்டும். டார்ச் விளக்கு கூடாது. ஒருமுறை இறங்கி மீண்டும் எழும்பும் பறவையை இருமுறை எண்ணிவிடாமலிருக்க, இறங்குபவற்றை ஒருவரும் எழும்புபவற்றை மற்றொருவரும் குறிக்கின்றனர். இறுதியில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, தேதியும் நேரமும் இட்டு, அன்றிரவே இணையப் பதிவேட்டில் ஏற்றிவிடுகின்றனர்.